தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு வயித்தெரிச்சல். எங்க வீட்டு வாஷிங் மெஷின் ஒழுகின கதைதான். "இதெல்லாம் ஒரு விஷயமாய்யா"ன்னு ஓடிடாதீங்க. 30,000 ரூபா மேட்டர் இது. உங்க வீட்டுலயும் ஒருநாள் ஒழுகும்.

நம்ம மெஷின் 2017 தீபாவளிக்கு வாங்கினது. அப்ப இதுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2018 ஜூலையிலதான் 18 ஆக்கினாங்க, என் ராசி அப்படி. ஃப்ரன்ட் லோடு, ஏழு கிலோ. நொய்டா ஃப்ளாட்டுல எல்லார் வீட்டுலயும் மாதிரி பால்கனியில நிக்குது. இங்க வர்ற உப்புத்தண்ணியைக் குடிச்சுட்டு எட்டு வருஷம் ஒழுங்கா ஓடிச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தங்கமணி கூப்பிட்டாங்க. "என்னங்க, பால்கனி பூரா தண்ணி. மெஷின் அடியிலேர்ந்து வருது." நானும் போய், இடுப்புல கை வச்சு, ஒரு எஞ்சினியர் மாதிரி பார்த்துட்டு, "ம்ம்... லீக் ஆகுது"ன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன்"னாங்க. அதோட என் எஞ்சினியரிங் முடிஞ்சுது.

கம்பெனிக்கு போன் போட்டோம். மூணாம் நாள் ஆள் வந்தார். சட்டையில பேட்ஜ், கையில டேப், நல்ல இங்கிலீஷ். செல்போன் டார்ச்சை அடியில ஒரு தடவை அடிச்சுப் பார்த்தார். பின்பக்க மூடியைக் கழட்டலை, மெஷினை ஓட்டிக்கூடப் பார்க்கலை. ரெண்டு நிமிஷத்துல தீர்ப்பு வந்துடுச்சு.

"சார், டப் லீக். டப் அசெம்பிளி பூரா மாத்தணும். 11,500 ஆகும், லேபர் தனி. எட்டு வருஷ மெஷின் சார், இதுல காசு போடாதீங்க. எக்ஸ்சேஞ்சுல கொடுத்தா 2,000 கழிச்சுக்கலாம்." சொல்லிட்டே டேப்ல புது மாடல் படத்தைத் தள்ளிக் காட்டினார். வந்து பார்த்ததுக்குக் கூலி 500, ஜிஎஸ்டியோட 590. ரசீது பக்காவா வந்துடுச்சு.

நான் என்ன பண்ணேன்னு நினைக்கறீங்க? தலையை ஆட்டிட்டேன். பதினோரு மணிக்கு ஒரு கால், கிளையண்ட் காத்துட்டிருக்கான். 32,000 ரூபா மெஷினை நாளைக்கே கொண்டு வந்து மாட்டிடுவாங்க, பிரச்சினை முடிஞ்சுதுன்னு நிம்மதியாக்கூட இருந்துச்சு. அந்த நிம்மதியைத்தான் இன்னிக்குத் திட்டப் போறேன்.

காப்பாத்தினது கீழ் வீட்டு ஆன்ட்டி. அவங்க பால்கனியில காயப்போட்ட துணி மேல நம்ம வீட்டுத் தண்ணி சொட்டி, சண்டை போடத்தான் மேலே வந்தாங்க. விஷயத்தைக் கேட்டுட்டு, "திறந்து பார்த்தானா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நானும் தங்கமணியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். "திறக்காமலே டப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?"ன்னு சொல்லிட்டு, பதினஞ்சு வருஷமா அவங்க வீட்டுக்கு வர்ற மிஸ்திரியோட நம்பரைக் கொடுத்தாங்க.

சாயங்காலம் சைக்கிள்ல வந்தார். பீகார்ல தர்பங்கா பக்கம். அவரும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவர்தான். வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலை. "எப்ப ஒழுகுது? தண்ணி ரொம்பும்போதா, சுத்தும்போதா, பிழியும்போதா?"ன்னு கேட்டார். எங்களுக்குத் தெரியலை. எட்டு வருஷமா வீட்டுல இருக்கற சாமான், ஒரு நாள்கூட அது ஓடும்போது நின்னு பார்த்ததில்லை.

அடியில காஞ்ச நியூஸ்பேப்பரை விரிச்சார். மெஷினை ஓட்டினார். தண்ணி ரொம்பும்போது பேப்பர் காஞ்சே இருந்துச்சு. டிரம் சுத்த ஆரம்பிச்சதும் முன்பக்கப் பேப்பர் மட்டும் நனைஞ்சுது. உடனே நிறுத்தி, தண்ணியை வடிச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, கதவைத் திறந்து, கதவைச் சுத்தி இருக்கற ரப்பரோட கீழ் மடிப்பை விரலால இழுத்துக் காட்டினார். ஒரு இஞ்சு நீளத்துக்குக் கிழிசல். மடிப்புக்குள்ளயே கிழிச்ச ஆளும் உக்காந்திருந்தான். என் ஆபீஸ் ஐடி கார்டு மாட்டற இரும்புக் கிளிப்! அது வரைக்கும் தங்கமணியோட ஹேர்பின்தான் காரணம்னு நான் மனசுக்குள்ள கேஸ் ஜோடிச்சு வச்சிருந்தேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, ஒரு பார்வை மட்டும்தான்.

அப்படியே கீழே இருக்கற ஃபில்டரையும் திறந்தார். ஏழு ரூபா சில்லறை, பையனோட ஒத்தை சாக்ஸ், ஒரு கைப்பிடி நூல் கசடு. ரப்பர் 1,350, கூலி 600. மொத்தம் 1,950 ரூபா, ஒரு மணி நேர வேலை. நாலு மாசம் ஆச்சு, ஒரு சொட்டு வெளியே வரலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

"ரிப்பேர் செலவு புது விலையில பாதியைத் தாண்டினா மாத்திடு"ன்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்றாங்க. கணக்கு தப்பில்லை. ஆனா அந்த ரிப்பேர் செலவை யார் சொல்றாங்க? புது மெஷினை விக்கிறவரே சொல்றார். நோயைத் தப்பாச் சொல்லிட்டு அதுக்கு ஒரு மருந்துச் செலவும் சொன்னா, அந்த எண்ணை வச்சு நாம என்ன கணக்குப் போட்டாலும் மாத்தறதுலதான் வந்து நிக்கும். அதனால முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" இல்லை. "எந்தப் பாகம் போச்சு, எனக்குக் காட்டுங்க." அவ்வளவுதான். காட்ட முடியாதவர் சொல்ற விலைக்கு அர்த்தமே கிடையாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 32,000 ரூபா மெஷின் பத்து வருஷம் ஓடும்னா, வருஷத்துக்கு 3,200, மாசத்துக்கு சுமார் 270 ரூபா. நான் கொடுத்த 1,950-க்கு, பழசு இன்னும் எட்டு மாசம் ஓடினாலே கணக்கு நேராயிடும். அதுக்கு மேல ஓடறதெல்லாம் லாபம்.

"பத்து வருஷம் மோட்டார் வாரண்டி"ன்னு விளம்பரத்துல பெரிய எழுத்துல போடறாங்களே, அதை நம்பி ஏமாறாதீங்க. அது மோட்டாருக்கு மட்டும். ஒழுகறதுக்கும் மோட்டாருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. ஒழுகறது ரப்பர், ஹோஸ், பம்ப், சீல். இதுக்கெல்லாம் வாரண்டி பொதுவா முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்தோட முடிஞ்சுடும்.

மிஸ்திரி சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிடறேன். மெஷின் ஆஃப்ல இருக்கும்போதே சொட்டினா, குழாய்லேர்ந்து வர்ற ஹோஸ், அதோட வாஷர், இல்லைன்னா உள்ளே தண்ணி விடற வால்வு. தண்ணி ரொம்பும்போது மேலே சோப்பு டப்பா வழியா வழிஞ்சா, டப்பாவுல அடைப்பு. நுரையா வழிஞ்சா தப்பு நம்மது. கையால துவைக்கற பவுடரை ஃப்ரன்ட் லோடுல போட்டா நுரை பொங்கத்தான் செய்யும். சுத்தும்போது முன்பக்கம் நனைஞ்சா கதவு ரப்பர். தண்ணி வெளியே போகும்போது ஒழுகினா ஃபில்டர் மூடி, டிரெயின் பம்ப், இல்லை வெளியேத்தற ஹோஸ். இதுல எதுவுமே 32,000 ரூபா வியாதி இல்லை. ஒண்ணு மட்டும் கவனம்: தரை ஈரமா இருக்கும்போது பிளக்குல கை வைக்காதீங்க. முதல்ல மெயினை அணைங்க, குழாயை மூடுங்க, அப்புறம் மத்தது.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. பிழியும்போது ஏரோப்ளேன் மாதிரி சத்தம் வந்து, பின்பக்கம் துருக்கலர்ல தண்ணி கசிஞ்சா, பேரிங்கும் அதோட சீலும் போயிருக்கும். டிரம்மைப் பின்னாடி தாங்கிப் பிடிக்கற மூணு கை அலுமினியமும் உப்புத்தண்ணியில அரிச்சுப் போயிருக்கலாம். இப்ப வர்ற நிறைய மெஷின்ல டப்பை ரெண்டு பாதியா செஞ்சு உருக்கி ஒட்டிடறாங்க. முன்னூறு நானூறு ரூபா பேரிங்கை மாத்த முழு டப்பையும் வாங்கணும். மெஷினுக்குப் பத்துப் பன்னெண்டு வயசும் ஆகி, பாடியும் துருவேறி, இதுவும் வந்தா மாத்திடுங்க, தப்பே இல்லை. ஆனா அப்பவும் ஒண்ணு யோசிங்க. பேரிங் தேயற சாமான்னு செய்யறவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சே பிரிக்க முடியாத டப்புக்குள்ள அதை வச்சு மூடறான். அது நம்ம மெஷினோட வியாதி இல்லை, பொறக்கும்போதே எழுதி வச்ச ஆயுசு.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 மார்ச் 1-லேர்ந்து ஒரு விதி இருக்கு. ஒரு மாடலோட கடைசி மெஷினைச் சந்தைக்கு அனுப்பினதுக்கு அப்புறமும் பத்து வருஷத்துக்கு அதோட முக்கியமான உதிரி பாகங்களைக் கம்பெனி கொடுத்தே ஆகணும். ஆர்டர் பண்ணா 15 வேலை நாளுக்குள்ள அனுப்பணும். கதவு ரப்பர் மாதிரி சாமானை மெக்கானிக்குக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரங்களுக்கே கொடுக்கணும். நம்ம நாட்டுல 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர் 24-ம் தேதி ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. நல்ல காரியம். ஆனா பத்து வருஷம் பார்ட்ஸ் கட்டாயம்னு வாஷிங் மெஷினுக்கு ஒரு சட்டம் இங்க இன்னும் இல்லை. எத்தனை கம்பெனி ரப்பர் என்ன விலை, பம்ப் என்ன விலைன்னு வெளியில போட்டு வச்சிருக்கு? தேடிப் பாருங்க, தெரியும். பில்லும் ரசீதும் இருந்து, திறக்காமலே தீர்ப்பு சொல்லி ஏமாத்தினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிங்க. தமிழ்லயும் பேசலாம்.

சரி, கம்பெனியைத் திட்டினது போதும். இனி நம்மளை.

போன்ல அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "டேய், நம்ம வீட்டு கோயம்புத்தூர் கிரைண்டர் நீ ஆறாங்கிளாஸ் படிக்கும்போது வாங்கினது. ரெண்டு தடவை பெல்ட், ஒரு தடவை மோட்டார் காயில், கல்லு கொத்தினது எத்தனை தடவைன்னு ஞாபகம் இல்லை. இன்னும் ஆட்டுது. உனக்கு மட்டும் எட்டு வருஷத்துல எப்படிடா மெஷின் கிழடாச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை.

நாம ஒண்ணும் வீணடிக்கற பரம்பரையில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசி, குடைக்குக் கம்பி மாத்தி, செருப்பைத் தைச்சுப் போட்டு வளர்ந்த ஆளுங்க. இங்க வந்ததும் எப்படி மாறினோம்? சம்பளம் கூடினதுனாலன்னு சொல்லுவோம். எனக்கு அது முழுக் காரணமாத் தெரியலை. புது மெஷின் வாங்க ஹிந்தி தேவையில்லை. கார்டைத் தேய்ச்சா போதும். ரிப்பேர் பண்ண ஹிந்தி வேணும், அக்கம்பக்கத்துல நாலு பேரைத் தெரிஞ்சிருக்கணும், "எந்த பார்ட், எவ்வளவு, பழசைக் காட்டு"ன்னு பேரம் பேசணும். ஊர்ல இருந்தா தெருமுனை டீக்கடையில கேட்டா எலக்ட்ரீஷியன் வந்துடுவார். இங்க எட்டு வருஷம் இருந்தும் எனக்கு ஒரு மிஸ்திரி நம்பர் தெரியாது. கீழ் வீட்டு ஆன்ட்டியோட லிஃப்டுல நமஸ்தேயைத் தாண்டிப் பேசினதில்லை. அந்தக் கூச்சத்துக்குத்தான் 32,000 ரூபா அபராதம் கட்டத் தயாரா நின்னேன். பேட்ஜும் இங்கிலீஷும் இருந்ததுனால திறந்தே பார்க்காத ஆளை நம்பினேன். சைக்கிள்ல வந்ததுனால இவரை முதல்ல சந்தேகமாத்தான் பார்த்தேன். நம்ம வீட்டுல நிறைய பேர் கதை இதுதான், ஒத்துக்குங்க.

"லோக்கல் ஆளு மட்டும் ஏமாத்த மாட்டானா?"ன்னு கேப்பீங்க. ஏமாத்துவான். முன்னாடி ஒருத்தர் நம்ம கீசருக்கு டுப்ளிகேட் தெர்மோஸ்டாட் போட்டுட்டு ஒரிஜினல் காசு வாங்கிட்டுப் போனார். அதுக்கு மருந்து, அக்கம்பக்கத்துல கேட்டு ஆளைப் பிடிக்கறது, பழைய பாகத்தைக் கையில வாங்கிக்கறது, கடைக்குக் கூடப் போறது. அதுக்காக எடுத்ததும் புதுசு வாங்கறதா மருந்து?

"புது மெஷின்ல கரண்டு மிச்சமாகுமே?" மெஷின் இழுக்கற கரண்டுல பெரும்பகுதி தண்ணியைச் சூடாக்கத்தான் போகுது. பச்சைத்தண்ணியில துவைக்கற வீட்டுல மிச்சமாகற கரண்டு 32,000 ரூபாயை எப்ப திருப்பித் தரும்? உங்க கணக்குக்கே விடறேன்.

"எப்படியும் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வரும், பழசைத் தூக்கிட்டு அலையணுமா?" இது நம்ம ஆளுங்களோட ஃபேவரைட். மெஷின் வந்த அன்னிக்குப் பின்னாடி நாலு நீள போல்ட்டைக் கழட்டிக் கொடுத்தாங்களே, எங்க வச்சீங்க? வண்டியில ஏத்தும்போது டிரம் ஆடாம இருக்க அதைத் திரும்ப மாட்டணும். அதைத் தொலைச்சுட்டு பேக்கர்ஸ் ஆளுங்க மேல பழி போடறோம். இன்னிக்கே தேடி எடுத்து ஒரு கவர்ல போட்டு வைங்க.

கடைசியா ஒண்ணு. 2,000 ரூபாய்க்கோ, இல்லைன்னா கபாடிவாலாகிட்ட சில நூறுக்கோ கொடுத்தா பழைய மெஷின் மாயமா மறைஞ்சுடறதில்லை. 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1-லேர்ந்து அமல்ல இருக்கு. பதிவு பண்ண மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகணும்னு காகிதத்துல இருக்கு. ஆனா தெருவுல கபாடிவாலா எடுத்துட்டுப் போற சாமான் எங்க போகுதுன்னு டெல்லியில யாரைக் கேட்டாலும் சீலம்பூர்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுலேர்ந்து ரொம்ப தூரமில்லை, யமுனைக்கு இந்தப் பக்கமே இருக்கு. அங்க சந்துல உக்காந்து மோட்டாரை உடைச்சுச் செம்பு எடுக்கறாங்க, கையுறைகூட இல்லாம. ஒயரை எரிக்கற புகையைச் சுவாசிக்கறது அவங்க பிள்ளைங்க. ஒரு இஞ்சு ரப்பர் கிழிசலுக்காக, ஓடற மோட்டாரையும் நல்ல டிரம்மையும் அங்க அனுப்ப நான் தலையாட்டினேனேன்னு இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

அதனால மக்களே, உங்க மெஷின் ஒழுகினா முதல்ல நியூஸ்பேப்பரை விரிங்க. பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒரு ரவுண்டு உக்காந்து பாருங்க. அப்புறம் கீழ் வீடு, எதிர் வீட்டுல போய், தெரிஞ்ச ஹிந்தியில மிஸ்திரி நம்பர் கேளுங்க. ஒழுகறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சா இன்னும் நல்லது.

போன வாரம் ஆன்ட்டி வீட்டுக்கு தங்கமணி ஒரு டப்பா இட்லி மிளகாய்ப்பொடி கொடுத்துட்டு வந்தாங்க. பால்கனித் துணி விவகாரம் அதோட சமாதானம். என் ஐடி கார்டு கிளிப்பை மட்டும் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி வச்சிருக்காங்க, வர்றவங்க போறவங்க பார்க்கறதுக்கு. :-)